கம்பத்தடிக் குழாய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மாமியார் நாகல் நகர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். மண்ணுக்கு அடியில் கிடக்கிற குழாயை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒருவர் அது செத்துப்போய்விட்டது என்று சொன்னால், எனக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? மேட்டுச்செங்குளத்தில் அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறார். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அதனால் விட்டுவிடுகிறேன்.

மேட்டுச்செங்குளம் திண்டுக்கல்லிலிருந்து அரை மணி நேரத் தூரம். நாலுவழிச் சாலைக்குக் கிழக்கே ஊர், மேற்கே பம்ப் ஹவுஸ். பம்ப் ஹவுஸிலிருந்து எட்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்று சாலைக்கு அடியில் புகுந்து, ஊருக்குள் வந்து, மாரியம்மன் கோயில் முன்வாசலைத் தாண்டி, ஊர்க்கோடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஏறுகிறது. வருடக்கணக்காக ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த தண்ணீர், அம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்துச் சாட்டிய வாரத்தில் திடீரென்று நின்றுபோனது. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் புறப்படுகிறது, தொட்டியில் விழுவதோ கிணற்றடிக் குருவி குடிக்கிற அளவு. நடுவழியில் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

குழாயைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் மோகன்குமார் வந்தார். சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தார். "ரோட்டுக்கு அடியில குழாய் நசுங்கிப்போச்சுங்க" என்று முடிவு கட்டினார். சாலைக்கு அடியில் தோண்ட விடமாட்டார்கள். புதுக் குழாய் நுழைக்க அனுமதி வாங்கி, வேலை முடிக்க ஒரு வருடம் ஆகும். அதுவரைக்கும் ஊருக்கு டேங்கர் லாரிதான். அந்த அறிக்கை மேலே போய்விட்டால் பழைய குழாயை அத்தோடு கைகழுவிவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊராட்சித் தலைவர் பழனியம்மாள் எனக்குப் போன் செய்தார். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் நீராவிக் குழாயை நான் சோதித்துக் கொடுத்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"ஏம்மா, தோண்டாமலே குழாய்க்குள்ள ஓட்டை எங்கன்னு சொல்ற புள்ள நீதானா?"

"நான்தான்க்கா. ஷரீஃபா."

"நாளைக்கு அந்த இன்ஜினியரு அறிக்கைய அனுப்பப் போறாராம். நீ காலையிலயே வந்துரு. ஒரு வருசம் டேங்கரு தண்ணியக் குடிச்சா எங்க ஊரு புள்ளைக வயிறு என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் காலை நானும் என் வீட்டுக்காரர் கிதர் முகம்மதுவும் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். அவர் முன்னே செல்போன் கடை வைத்திருந்தவர். என் மெஷினைப் பார்த்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னோடு சேர்ந்துவிட்டார். பெட்டி தூக்குவது, வளையம் மாட்டுவது, என்னிடம் திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. மூன்றாவதை மட்டும் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பார்.

சாலைக்கு ஊர்ப்பக்கம், குழாய் வெளியே வருகிற இடத்தில், வால்வு தொட்டியை ஒட்டிப் பழனியம்மாள் ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தார். குழிக்குள் குழாய் நன்றாகத் தெரிந்தது. மேலே மோகன்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொப்பம்பட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். ஆனால் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க மேடம், குழிக்குள்ள உக்காந்துட்டே அந்தாண்ட ரோடு வரைக்கும் பாத்துருவீங்களாமா?"

"பாத்துருவேன். நீங்க செத்த நேரம் வெயிலுக்கு ஒதுங்கி நில்லுங்க சார்."

இதில் மாயம் மந்திரம் எதுவும் இல்லை. குழாயைச் சுற்றி ஒரு வளையத்தை இறுக்கி மாட்டுவோம். வளையத்தின் உள்பக்கம் சின்னச் சின்ன உணர்விகள் வரிசையாக இருக்கும். அவை காதுக்குக் கேட்காத அதிர்வு ஒன்றைக் குழாயின் இரும்புச் சுவருக்குள் அனுப்பும். அந்த அலை மண்ணுக்குள் சிதறிப்போகாமல் சுவரையே வழியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடும். வெல்டு வைத்த இடத்தில் கொஞ்சம் முட்டித் திரும்பும். துருப்பிடித்து மெலிந்த இடம், அடிபட்ட இடம், ஓட்டை இருந்தாலும் திரும்பும். திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, அது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் கோடு திரையில் வரும்போது என் நெஞ்சு படபடக்கும். இத்தனை வருடமாகியும் அது மாறவில்லை.

"மச்சான், வளையத்து அம்புக்குறி ரோட்டப் பாத்து இருக்கணும்."

"ரோட்டத்தான் பாக்குது தாயே. நான்தான் உன்னப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கேன்."

பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு அலையை அனுப்பினேன். சாலைப் பக்கக் கோட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஒரே இடைவெளியில் வெல்டு, அடுத்து வெல்டு, அடுத்தும் வெல்டு. சாலைக்கு அடியில் குழாய் ஒரு பெரிய உறைக்குழாய்க்குள் போவதால் மண் ஒட்டாது. அலை சுகமாக ஓடி அந்தக் கரை வரைக்கும் போய் வந்தது. நசுங்கலும் இல்லை, துருவும் இல்லை.

"ரோட்டுக்கு அடியில குழாய் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றேன்.

பிறகு ஊர்ப் பக்கக் கோட்டைப் பார்த்தேன். அங்கேயும் வெல்டுகள் வரிசையாக இருந்தன. ஆனால் பதினேழு மீட்டரில், இரண்டு வெல்டுகளுக்கு நட்டநடுவில், இருக்கவே கூடாத இடத்தில், பெரிய எதிரொலி ஒன்று எழும்பி நின்றது. வெல்டு என்றால் குழாயைச் சுற்றி ஒரே சீராகத் திரும்பும். இது குழாயின் தலைப்பக்கத்திலிருந்து மட்டும் திரும்பியிருந்தது. மேலேயிருந்து யாரோ குழாயைக் கடித்த மாதிரி இருந்தது. "ஊர்ப் பக்கம், பதினேழு மீட்டரு, குழாயோட தலைப்பக்கத்துலதான் கோளாறு சார்" என்றேன்.

மோகன்குமார் குழிக்குள் எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி என்பதால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"உங்க வளையம் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்புதுங்க. திரும்பி வர்றதும் ஒண்ணாத்தான் வருது. ரோட்டுப் பக்கத்து எதிரொலிய மெஷினு தப்பா ஊர்ப் பக்கம் காட்டியிருந்தா? அந்தப் பதினேழு மீட்டரு ரோட்டு நடுவுலயும் இருக்கலாமல்லங்க?"

சுற்றி நின்ற கூட்டம் என்னைப் பார்த்தது. வாயால் பதில் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

"அக்கா, இந்தக் குழிய ஊர்ப் பக்கமா ரெண்டு மீட்டரு நீட்டித் தர முடியுமா?"

பழனியம்மாள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "ஏலே, என்னடா வேடிக்கை? மம்பட்டிய எடுங்கடா!" என்று ஒரு குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் குழி நீண்டது. வளையத்தைக் கழற்றி, ஊர்ப் பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினோம்.

"இப்பப் பாருங்க சார். கோளாறு ரோட்டுப் பக்கம் இருந்துச்சுன்னா நாம அதவிட்டுத் தள்ளி வந்துட்டோம், தூரம் கூடணும். ஊர்ப் பக்கம் இருந்துச்சுன்னா கிட்டப் போயிட்டோம், கொறையணும். சரியா?"

"சரிங்க."

அலையை அனுப்பினேன். பதினேழில் நின்ற எதிரொலி பதினைந்துக்கு வந்து நின்றது.

"கிட்டப் போனா கிட்ட வருது!" பழனியம்மாள் கைதட்டிவிட்டார். "அப்ப நம்ம பக்கந்தான். சாமி, ரோட்ட யாரும் தொட வேண்டாம்!"

மோகன்குமார் திரையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. எனக்குள் இருந்த சந்தோசத்தை மறைக்க நான் முயற்சி செய்யவே இல்லை. கிதர் முகம்மது டேப்பை எடுத்து வளையத்தில் ஒரு முனையை மாட்டி, குழாய் போகிற தடத்தில் இழுத்துக்கொண்டு நடந்தார். நடந்தவர் ஓர் இடத்தில் நின்றார். நின்று, திரும்பி, என்னைப் பார்த்து முழித்தார்.

"ஷரீஃபா, செத்த இங்க வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். டேப்பின் பதினைந்தாவது மீட்டர் மாரியம்மன் கோயில் முன்னால் நட்டிருந்த கம்பத்தின் காலடியில் கிடந்தது.

திண்டுக்கல் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கம்பத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று கிளையாகப் பிரிந்த மரம். திருவிழா சாட்டும்போது கோயில் முன்னால் குழி தோண்டி நடுவார்கள். அம்மனுக்கு அது புருசன். திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்ப் பெண்கள் தினமும் காலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். முடிகிற அன்றைக்குத்தான் முறைப்படி எடுப்பார்கள். நடுவில் அதை யாரும் அசைக்கக் கூடாது. நாங்கள் போய் நின்றபோதும் இரண்டு மூன்று பெண்கள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டேங்கர் தண்ணீர். கம்பத்தைச் சுற்றி எப்போதும் ஈரமாக இருப்பதால், கீழேயிருந்து தண்ணீர் கசிந்தாலும் யாருக்குத் தெரியும்?

விசயம் பரவியதும் பூசாரி உடையப்பன் கோயிலுக்குள்ளிருந்து வேகமாக வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி, கையில் காப்பு.

"கம்பத்தப் புடுங்கணும்னா சொல்றீக? ஆத்தா புருசனப் பாதித் திருநாள்ல புடுங்கச் சொல்றீகளா?"

"புடுங்க வேண்டாங்கய்யா, அதுக்குக் கீழ..."

"கீழயும் கெடையாது, மேலயும் கெடையாது! கம்பம் சாஞ்சா ஊருக்கே ஆகாதும்மா."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மோகன்குமார் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அப்பத் தோண்ட முடியாதுன்னா, மெஷினு சொன்னது சரியா தப்பான்னு தெரியப்போறதில்லீங்க. நான் சாயங்காலத்துக்குள்ள அறிக்கைய அனுப்பியாகணும். ரோட்டுக் குழாய் போச்சுன்னே எழுதிடறேனுங்க."

அங்கேதான் நான் கத்தினேன். "நல்லா இருக்கிற குழாயப் போச்சுன்னு எழுதுவீங்களா? கண்ணு முன்னாடி காட்டினேன்ல? ரெண்டு மீட்டரு தள்ளிக் காட்டினேன்ல? ஒரு வருசம் இந்த ஊரு லாரித் தண்ணிக்குப் பின்னாடி ஓடணும், அதுக்கு உங்க கையெழுத்தா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். கிதர் முகம்மது நடித்துக் காட்டுவது இந்தக் கட்டத்தைத்தான். பழனியம்மாள் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"செத்த சும்மா இரு புள்ள. கத்துனா தண்ணி வருமா?" பிறகு பூசாரியிடம் திரும்பினார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கம்பம் நட எம்புட்டு ஆழம் தோண்டுவீக?"

உடையப்பன் முகம் சட்டென்று மலர்ந்தது. அவருக்குப் பிடித்த கேள்வி போலிருக்கிறது.

"அளவெல்லாம் நமக்கு ஏது? ஆத்தா சொல்லுவா. மொதல்ல மம்பட்டி. அப்புறம் நான் கடப்பாரைய எடுத்து இறக்குவேன். இறக்கிக்கிட்டே போனா, கீழ 'டங்'குன்னு ஒரு சத்தம் கேக்கும். அதுதான் ஆத்தா உத்தரவு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் கொட்டுக்காரன் கொட்டுவான். அப்புறம் செம்புக் காசு, நவதானியம், பாலு எல்லாம் போட்டுக் கம்பத்த எறக்குவோம்." குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது. "எங்க அய்யா முப்பது வருசம் பூசாரியா இருந்தாரு. அவருக்கு ஒரு தடவகூட அந்த உத்தரவு கெடைக்கல. நான் வந்த வருசத்துல இருந்து வருசம் தவறாம கெடைக்குது. இந்தத் தடவ கேட்டீகளா, அம்புட்டுப் பலமா கேட்டுச்சு!"

"நீங்க பூசாரியாகி எத்தன வருசம்ணே?" பழனியம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"பன்னெண்டு."

மோகன்குமார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். குழாய் போட்டும் பன்னிரண்டு வருடம். தண்ணீர் நின்றது கம்பம் நட்ட வாரம். யா அல்லாஹ், வருடத்துக்கு ஒரு தடவை பூசாரியே கடப்பாரையால் குழாயின் தலையில் குத்தி, சத்தம் கேட்டதும் ஊரே கொட்டடித்துக் கொண்டாடியிருக்கிறது! சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. போட்டு உடைத்திருப்பேன், என் வாய் அப்படி. ஆனால் உடையப்பனின் முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைத்த பெருமை அந்த முகம் முழுக்க இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் மாமியார் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

"அய்யா, நீங்க கம்பத்தத் தொட வேண்டாம்" என்றேன். "அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாப்போம். பக்கவாட்டுல தோண்டுறோம். கம்பத்த நீங்களே புடிச்சுக்கங்க. அது ஒரு விரக்கடை சாயாம நான் பாத்துக்கறேன்."

அவர் யோசித்தார். கம்பத்தைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். முடியாது என்றுதான் சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் குடத்தோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"பூசாரியய்யா, எம்புள்ளைக்குக் காய்ச்சிக் குடுக்க வச்சிருந்த தண்ணியத்தான் இன்னைக்குக் கம்பத்துக்கு ஊத்துனேன். வேற தண்ணி இல்ல. ஆத்தாளுக்கு டேங்கர் தண்ணி ஊத்தலாம், கீழ தோண்டிப் பாக்கக் கூடாதா?"

உடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"தோண்டுங்க. ஆனா கம்பம் சாயக் கூடாது. சாஞ்சுச்சு, நான் இங்கயே உசுர விட்டுருவேன்."

அந்த மத்தியானத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆறேழு ஆண்கள் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். துண்டால் சுற்றி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். உடையப்பன் நடுவில் நின்று இரண்டு கையாலும் மரத்தை அணைத்துக்கொண்டார். ஒருவருக்குக் கை ஓய்ந்ததும் உடையப்பன் சுற்றிலும் பார்த்தார். கிதர் முகம்மதுவின் தோள்பட்டை அவர் கண்ணில் பட்டது.

"அப்பு, நல்லா வாட்டசாட்டமா இருக்க. சும்மா ஏன் நிக்கிற? வந்து புடி."

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே போய்ப் பிடித்தார்.

பக்கவாட்டில் குழி இறங்கியது. முழங்கால் ஆழத்திலேயே மண் சேறாகிவிட்டது. பம்பை நிறுத்தி நேரமாகியும் உள்ளேயிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் மண்வெட்டிக்காரர் ஏறிவிட்டார், கம்பத்துக்கு அடியில் கையால்தான் பறிக்க வேண்டும். நானே இறங்கினேன். சேற்றைக் கையால் வாரி வாரி வெளியே போட்டேன். சுடிதார் எல்லாம் போயிற்று. குனிந்த என் தலைக்கு மேலே கம்பத்தின் அடி தெரிந்தது. அதைப் பிடித்திருந்தவர்களின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. உள்ளுக்குள் பயம் வந்தது. எதிரொலி பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே ஒன்றும் இல்லாமல் போனால் ஊர் ஒரு வருடம் தண்ணீரில்லாமல் கிடக்கும், நான் கத்தியதற்கு அர்த்தமே இருக்காது. விரல் நுனியில் இரும்பு தட்டுப்பட்டது. துடைத்தேன்.

"டார்ச்ச காட்டுங்க!" என்று கத்தினேன். "சார், எறங்கி வாங்க! வாங்க சார்!"

மோகன்குமார் பேண்ட்டோடு சேற்றில் குதித்தார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். குழாயின் மேல்பூச்சு அந்த இடத்தில் மட்டும் சுத்தமாக இல்லை. இரும்பின் தலையில் குழிகுழியாகத் தழும்புகள், பழையது, புதுசு, ஒன்றன்மேல் ஒன்று. தழும்புகளுக்குள் பச்சை பிடித்த செம்புக் காசுகள் ஒட்டிக் கிடந்தன. பூச்சு போன இரும்பின்மேல் ஈர மண்ணில் செம்பு ஒட்டிக் கிடந்தால், துரு இரும்பைச் சும்மா விடாது. வருடம் முழுக்கத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. நடுவில், மெலிந்துபோன சுவரில், கடப்பாரை முனை கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஓர் ஓட்டை. அதிலிருந்துதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு மீட்டரு" என்றார் மோகன்குமார். குரலே மாறியிருந்தது. "தலைப்பக்கம்னும் சொன்னீங்க. மேடம், அப்படியே இருக்குதுங்க."

"இருக்கு சார்! இருக்கு!" சேற்றுக் கையோடு என் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது. ஒரு வருடம் தண்ணீர் வராது என்ற ஊருக்கு இன்றைக்கே தண்ணீர் வரும்!

இத்தனை நாள் வெளியேறிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதும் தெரிந்தது. கோயிலுக்குப் பின்னால் குப்பை கொட்டி மூடிய பழைய கிணறு ஒன்று இருந்தது. யாரோ ஓடிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "குப்பையெல்லாம் மெதக்குதுடோய்!" என்று கூவினார்கள்.

அதற்குள் உடையப்பன் கம்பத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி வந்துவிட்டார். தழும்புகளைப் பார்த்தார். காசு ஒன்றைப் பெயர்த்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப, பன்னெண்டு வருசமா..." என்று ஆரம்பித்தார். மேலே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எவன்டா அவன்?" என்று பழனியம்மாள் அதட்டியதும் சத்தம் அடங்கியது. உடையப்பன் குழி ஓரத்தில் ஒதுங்கி, காசைக் கையில் மூடிக்கொண்டு நின்றார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த மனுசனுடைய பெருமையை என் மெஷின்தான் உடைத்திருந்தது.

மோகன்குமார் யாரிடமும் சொல்லாமல் தானே ஓடிப் போய் ஜீப்பிலிருந்து ரப்பர் வைத்த இரும்பு கிளாம்ப் ஒன்றைத் தூக்கி வந்தார். நான் துருவைச் சுரண்டித் தேய்த்துக் கொடுத்தேன். அவரும் அவர் ஆட்களும் கிளாம்பைக் குழாயைச் சுற்றி மாட்டி போல்ட்டை முறுக்கினார்கள். சட்டை முழுக்கச் சேறு. "அறிக்கைய வேற மாதிரி எழுதணுமுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "எழுதுங்க, எழுதுங்க" என்றேன்.

பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டார்கள். பழனியம்மாள் இரண்டு பேரோடு தொட்டிக்கு ஓடினார். நாங்கள் குழிக்குள்ளேயே நின்றோம். கிளாம்ப் பிடிக்குமா, இல்லை பிய்த்துக்கொண்டு அடிக்குமா என்று பார்க்க வேண்டும்.

உடையப்பன் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குழாயின் மேல் வைத்தேன்.

"அய்யா, செத்த நேரம் கைய எடுக்காதீங்க."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ தூரத்தில், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரும்புக்குள் ஒரு முனகல் கிளம்பியது. அது சாலைக்கு அடியில் வந்தது, பெரிதாகியது, எங்கள் உள்ளங்கையை நடுக்கிக்கொண்டு தடதடவென்று கடந்து ஊருக்குள் போனது. கிளாம்பில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. உடையப்பன் குனிந்து காதையே குழாயில் வைத்துவிட்டார். அவர் கண் விரிந்ததைப் பார்த்தேன். சேறு அப்பிய கன்னத்தோடு தலையைத் தூக்கினார். மேலே கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுமனே நின்றிருந்தார்கள்.

"உத்தரவு கெடைச்சிருச்சுடா!" என்று கத்தினார் உடையப்பன். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீக? கொட்டுங்கடா!"

கொட்டினார்கள். அப்படி ஒரு கொட்டை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. குலவைச் சத்தம் கிளம்பியது. தொட்டிப் பக்கமிருந்து, "ஏறுது! ஏறுதுடீ! தொட்டிக்குத் தண்ணி ஏறுது!" என்று பழனியம்மாளின் குரல் மேளத்தையும் தாண்டிக் கேட்டது. தலைவர் என்ற மிடுக்கெல்லாம் போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். கொஞ்ச நேரத்தில் தெருக்குழாய்களில் தண்ணீர் வந்தது. காலையில் பேசிய அந்தப் பெண்தான் முதல் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். பாதியைக் கம்பத்துக்கு ஊற்றினாள். மீதியை அப்படியே மோகன்குமாரின் தலையில் கவிழ்த்துவிட்டாள். அவர் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டே நின்றார். "எனக்குமா?" என்று நான் கேட்பதற்குள் என் தலையிலும் ஒரு குடம் விழுந்தது.

குழியை மூடுவதற்கு முன்னால், குழாயின் மேல் கனமான கல் பலகை ஒன்றைப் போட்டார்கள். உடையப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடம் எனக்குப் பகீரென்றது. அவர் அதை என் கையில் கொடுத்தார்.

"அடுத்த வருசம் கம்பம் நடும்போது நீ வரணும் தாயி. மெஷினோட வா. எந்த எடத்துல குத்தலாம்னு நீதான் சொல்லணும். நீ சொன்ன எடத்துலதான் நான் குத்துவேன்."

"வாரேன்ய்யா. கண்டிப்பா வாரேன்" என்றேன்.

அப்போது மேலேயிருந்து பரிதாபமான ஒரு குரல் கேட்டது. எல்லாரும் ஆடப் போய்விட்டார்கள். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மட்டும் தனியாக நின்றார்.

"ஷரீஃபா, மண்ணப் போட்டு மூடச் சொல்லு. இல்லாட்டி இத எப்ப விடலாம்னாவது அவங்ககிட்ட கேட்டுச் சொல்லு!"